வெற்று வண்டியில் மாமனார்

நான் கட்டிய லாரி பாடி எதுவும் இன்றுவரை ஆட்டம் கண்டதில்லை. இதை நானே சொல்வது அழகில்லைதான். மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்க எனக்கு இனி வயதில்லை. அப்பேர்ப்பட்ட நான் ஒரே ஒரு வண்டியைத் தப்பாகக் கட்டினேன். அதுவும் ஊருக்கு இனாமாகக் கட்டியது.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. (ஐந்தில் இரண்டு வருஷம் இருந்ததால் ஆறு என்றே சொல்லிக்கொள்வேன்.) பன்னிரண்டு வயதில் நாமக்கல் பட்டறைக்கு ஆணி எடுத்துக் கொடுக்கப் போனவன், முப்பது முடிவதற்குள் வெண்ணந்தூர்ப் பக்கம் சொந்தப் பட்டறை போட்டுவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில், எங்கள் ஊர்த் தறிக்காரர் ஒருவரின் மனைவிக்கு, ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மாட்டுவண்டியிலேயே பிரசவமாயிற்று. தாயும் பிள்ளையும் பிழைத்தது ஊர் செய்த புண்ணியம். மறுநாள் என் பட்டறையில் ஏழு பேர் கூடி, ஊருக்கு இலவச ஆம்புலன்ஸ் விட ஒரு சங்கம் தொடங்குவது என்று முடிவு செய்தோம். சங்கம் என்றால் என்னவென்று எவருக்கும் தெரியாது. பதிவு அலுவலகத்தில், நோக்கம் என்ன என்று கேட்டார்கள். நல்லது செய்வது என்றேன். இன்னும் கொஞ்சம் விவரமாக என்றார்கள். தொடர்ந்து நல்லது செய்வது என்றேன். செயலாளர் ராமசாமி வாத்தியார் என்னை டீ குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு மீதியை எழுதினார்.

வண்டி கட்டிய அந்த மூன்று மாதம் நான் இருந்த சந்தோஷத்தில் என் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை. (மனைவி இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.) பழைய லாரி சேசிஸ் ஒன்று, சக்கரமும் அடிச்சட்டமும் மட்டும், கிடைத்தது. காலையில் கூலி வேலை, மாலையில் சங்க வேலை. வாத்தியார் ரம்பம் பிடிக்கக் கற்றார். மளிகைக் கடைக்காரர் பெயிண்ட் அடித்தார், பாதி வண்டிக்கும் பாதி தனக்கும். உயிர் போகிற வண்டி, பலமாக இருக்கட்டும் என்று நான் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகவே வைத்தேன். பத்து டன் நெல்லை ஏற்றினாலும் அசையாது. அதில் போகப்போவது படுத்த படுக்கையாய் ஒரே ஒரு ஆள் என்பது மட்டும் என் புத்திக்கு எட்டவில்லை.

முதல் நோயாளி யார் தெரியுமா? என் மாமனார். லாரிப் பட்டறைக்காரனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்று பத்து வருஷமாக முகத்தைத் தூக்கி வைத்திருந்த விவசாயி. வரப்பில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. வாத்தியார் மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். நானே ஓட்டினேன். சேலம் போய்ச் சேரும்வரை எலும்பு விலகாமல் இருந்தால் கால் பிழைக்கும், விலகினால் மனுஷன் வயலில் இறங்குவது அதோடு சரி என்று உள்ளூர் வைத்தியர் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கோ, பத்து வருஷக் கெட்ட பெயர் இன்றோடு போயிற்று என்று உள்ளுக்குள் குஷி.

முதல் பள்ளத்தில் வண்டி குதித்தது. இரண்டாவதில் பின்பக்கமிருந்து, நான் இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தை வந்தது. மெதுவாக ஓட்டினேன். மெதுவாகக் குதித்தது. மல்லூர் நெருங்கும்போது, பின்னால் மாமனாரோடு இருந்த வாத்தியார் தடுப்புப் பலகையைத் தட்டினார். நிறுத்திவிட்டுப் பின்னால் போனேன். மாமனார் வியர்வையில் நனைந்து கிடந்தார்.

"மாப்பிள்ளை, நா உழுந்தப்ப ஒரு எடத்துலதானுங்க ஒடஞ்சுது. நீங்க ஆசுபத்திரி போறதுக்குள்ள நாலா ஒடச்சுப்போடுவீங்களாட்ட இருக்குது."

நான் குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்தேன்.

"கடலை மூட்டை ஏத்துன லாரி எப்படிங்க போவும்? தொட்டிலாட்டப் போவுமில்ல? வெத்து வண்டியில என்னையத் தூக்கிப் போட்டுட்டுப் போறீங்களே. பாரம் ஏத்துங்க."

வாழ்நாளெல்லாம் லாரி கட்டியவனுக்கு, கடலை விதைக்கிறவர் படுத்துக்கொண்டே பாடம் எடுத்தார். பாரத்துக்கு எங்கே போவது? எதிரே பஸ் ஸ்டாப். காலை பஸ்ஸைத் தவறவிட்டு, சேலம் மார்க்கெட்டுக்குப் போகும் கூட்டம் கூடைகளோடு நின்றது. நன்கொடை கேட்கப் போகும் சங்கத்துப் பொருளாளர் மாதிரி கைகூப்பி, எல்லோரையும் ஏறச் சொன்னேன். சும்மாவா என்று கேட்டுக்கொண்டே இருபது பேர் ஏறினார்கள். கத்தரிக்காய், புடலங்காய், இரண்டு சேவல், தக்காளிக் கூடை நாலு. வண்டி அழுந்தி உட்கார்ந்தது. அப்புறம் அது ஓடவில்லை, மிதந்தது. மாமனார் தூங்கியே போனார்.

ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்சம் அவசரமாக பிரேக் பிடித்தேன். தக்காளிக் கூடைகள் சரிந்தன. கதவைத் திறந்தால், சிவப்புச் சாறு வழிய இருபது பேர் ஒருவர் மேல் ஒருவர். வாசலில் நின்ற ஊழியர் பார்த்தார். மனுஷன் யோசிக்கவே இல்லை. பஸ் கவிழ்ந்துவிட்டது என்று உள்ளே குரல் கொடுத்தார். நாலு ஸ்ட்ரெச்சர், இரண்டு டாக்டர், நர்சுகள் எல்லாம் ஓடி வந்தார்கள். முன்னால் இருந்த காய்க்காரம்மாவைத் தூக்கிப் படுக்க வைத்துவிட்டார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்லீங் சாமி, அது தக்காளிங்க" என்று அந்த அம்மா எழுந்து உட்கார உட்கார, அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று நர்ஸ் மறுபடி மறுபடி படுக்க வைத்தார். வண்டிக்குள்ளேயிருந்து மாமனாரின் குரல் நிதானமாக வந்தது: "ஏனுங்க, ஒடஞ்ச காலு இங்க இருக்குதுங்க."

பெரிய டாக்டர் என்னை வாங்கு வாங்கு என்று வாங்கினார். சங்கத்தின் பெயரைக் கேட்டார். எனக்குச் சட்டென்று மறந்துவிட்டது. கடைசியில் காலைச் சோதித்தவர், எலும்பு விலகாமல் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று முனகினார். அந்த முனகலை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

திரும்பி வந்து கூடுதல் பட்டைகளைக் கழற்றினேன். ஆனாலும், பாரத்துக்காக என்று நோயாளியோடு நாலு உறுப்பினர் போவது வழக்கமாக நிலைத்துவிட்டது. பாரத்துக்காகப் போனவர்கள்தான் ரத்தம் கொடுத்தார்கள், மருந்துச் சீட்டோடு ஓடினார்கள், ராத்திரி காவல் இருந்தார்கள். மாமனாரும் கால் சேர்ந்ததும் எட்டாவது உறுப்பினராகச் சேர்ந்தார். மறுபடி வயலிலும் இறங்கினார். யாரிடமாவது என்னை அறிமுகப்படுத்தினால் இப்படித்தான் சொல்வார்: "நம்ம மாப்பிள்ளை நல்லவருங்க. என்ன, லாரியாட்ட. வெத்தா உட்டா தூக்கித் தூக்கிப் போடுவாரு."

சங்கத்துக்கு இப்போது மூன்று வண்டி. ஆனாலும் வீட்டில் நான் என் பெருமையை ஆரம்பித்தால், மனைவி அடுப்படியிலிருந்தே பேரப்பிள்ளைகளுக்குக் குரல் கொடுப்பாள்: "உங்க தாத்தன் வெத்தா ஓட்டுது, ஏறிக்குங்க சாமி." மடிக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று ஏறிவிடும். நானும் அடங்கிவிடுவேன்.

இதைக்கூட மடியில் பேத்தியை வைத்துக்கொண்டுதான் எழுதினேன். இல்லாவிட்டால் இன்னும் நாலு பக்கம் போயிருக்கும்.