சோயாவுக்குப் புளிவிட்ட தீர்மானம்

உலக வரலாற்றில் ஒரு புரதத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றிய முதல் நகரம் திருகோணமலை. இந்தப் பெருமை 1976 மாசி மாதம், துறைமுகத்தைப் பார்த்த ஒரு மேல்மாடி அறையில், இரண்டு மின்விசிறிகளின் கீழ் (ஒன்று சுழலவில்லை) ஈட்டப்பட்டது. 'சோயாப் போசாக்கு மேம்பாட்டுக் குழு'வின் தற்காலிக எழுதுவினைஞனாக அதைக் குறிப்பெடுத்தவன் நான் என்பதை அடக்கத்துடன் தெரிவிக்கிறேன்.

குழு பள்ளிக்கூடங்களில் காலையில் சோயாக் கஞ்சி ஊற்றியது. எல்லாப் பிள்ளைகளும் குடித்தார்கள் என்று தலைவர் பாக்கியரத்தினம் மாதாமாதம் கொழும்புக்கு எழுதினார். 'எல்லா' என்ற சொல்லில் அவருக்கு ஒரு பக்தி.

அந்தப் பக்திக்குக் குறுக்கே, கிண்ணியாத் துறை கடந்து, ஏழு வயது மகள் றம்ஸியாவுடன் வந்தார் உம்மு குல்சும்.

"சேர், இந்தக் கஞ்சியக் குடிச்சா இவளுக்கு வாய்ச்சொண்டு வீங்குது, மூச்சு இழுக்குது. குடிக்காட்டி வகுப்புக்குள்ள விட ஏலாதாம். குடிக்காமப் படிக்கலாமெண்டு ஒரு துண்டு எழுதித் தாங்க."

தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். விஞ்ஞானத்துக்குள் இறங்குமுன் அப்படித்தான் செய்வார்.

"தங்கச்சி, சூரைமீன் ஆக்கிறனீங்கள்தானே?"

"ஓம்."

"கொறக்காப்புளி போடாமல் ஆக்கினால்?"

"சில நேரம் மேலெல்லாம் தடிச்சுக் கடிக்கும், சொறியச் சொல்லும்."

"புளி போட்டு நல்லா வேகவைச்சால்?"

"ஒண்டும் செய்யாது."

"முடிஞ்சுது அலுவல்! சோயாவுக்கும் அதுதான். ஒரு மணித்தியாலம் கொதி, ஒரு பிடி புளி. இந்தக் கிரந்தி, வீக்கம் எல்லாம் பறந்திடும்."

விஞ்ஞானம் படிப்பிப்பவர் என்பதால் குழுவில் பேச வாய்ப்புக் கிடைக்காத தங்கரத்தினம் மாஸ்டர் எழும்பினார்.

"சேர், சூரையிலை கடிக்கிறது மீன் பழுதாகேக்கை ஊறுற நஞ்சு. புளி மீனைப் பழுதாக விடாது, அவ்வளவுதான். இங்கை பழுதே இல்லை. சோயாவின்ரை சொந்தப் புரதம்தான் பிள்ளைக்கு ஆகேல்லை. கொதிக்கவைச்சால் அதிலை கொஞ்சம் குலையும், மிச்சம் ஒண்டோடை ஒண்டு ஒட்டிக்கொண்டு நிக்கும். புளி விட்டால் திரையும். திரைஞ்சதெல்லாம் செத்ததெண்டில்லை. பிள்ளையின்ரை உடம்பு அதை அப்பவும் அடையாளம் கண்டிடும்."

"மாஸ்டர், உங்கடை பக்கம் எத்தினை பேர்?"

"நான் ஒராள்."

"அப்ப வாக்கெடுப்பம்."

ஐந்துக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் புரதம் அழிந்தது.

அழிந்ததைக் கண்ணால் காண, பின்பக்கக் குசினியில் கஞ்சி அடுப்பில் ஏற்றப்பட்டது. தலைவர் பெருந்தன்மையுடன் ஒரு மணித்தியாலத்தை மூன்றாக உயர்த்தினார். புளியும் அப்படியே உயர்ந்தது. முதல் கோப்பையை அவரே குடித்தார்.

"பாருங்கோ, எனக்கு ஒண்டும் செய்யேல்லை."

"உங்களுக்கு முந்தியும் ஒண்டும் செய்யேல்லையே, சேர்," என்றார் மாஸ்டர்.

அதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாமென்று எனக்குச் சைகை வந்தது. சேர்க்கவில்லை.

"அரைக் கரண்டிதான் தங்கச்சி. இதைக் குடிச்சால் துண்டே தேவைப்படாது," என்று தலைவர் தாயிடம் கரண்டியை நீட்டினார்.

"குடிக்காட்டி?"

"துண்டு தர ஏலாது."

தாய் கரண்டியை வாங்கவில்லை. பிள்ளைதான் கரண்டிக்குக் கை நீட்டியது. "குடிச்சாத்தானே உம்மா பள்ளிக்குப் போகலாம்."

பத்து நிமிடத்தில் சொண்டு வீங்கிக் கண் மூடியது. மூச்சு விசிலடித்தது. மாஸ்டர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினார். தலைவர் ஜீப்பைத் தர மறுக்கவில்லை. "ஜீப்பின்ரை ஓட்டப் புத்தகத்திலை என்ன காரணம் எழுதுறது?" என்றுதான் கேட்டார். காரணம் கிடைக்குமுன் ஒரு மீன் லொறி கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மூச்சைத் திருப்பினார்கள்.

மறுவாரம் உம்மு குல்சும் மீண்டும் வந்தார். இந்த முறை காத்திருக்கவே வைக்கவில்லை. கடிதம் ஆயத்தமாக இருந்தது. அவருக்கு நான் வாசித்துக் காட்டினேன்:

"மூன்று மணித்தியால வெப்பத்துக்கும் அமிலத்துக்கும் பின்னரும் ஒவ்வாமை நீடித்தமை ஆழ்ந்து ஆராயப்பட்டது. அதன் மூலகாரணம் கண்டறியப்பட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து நிரந்தரமாக அகற்றப்பட்டுள்ளது."

அவர் முகம் மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! கஞ்சிய நிப்பாட்டிட்டாங்களா தம்பி?"

"இல்லை."

"அப்ப எதை அகற்றினாங்க?"

கடிதத்தின் கடைசி வரியையும் வாசித்தேன்: 'றம்ஸியா, இரண்டாம் வகுப்பு. பெயர் நீக்கம்.'

அதில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. தட்டச்சு செய்தவன் நான்.