புதுச்சத்திரத்தில் ஏர் எடுத்த கதை

டீசல் எஞ்சினைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பும் பெண்கள் நம் ஊரில் குறைவு. அந்தக் குறையை ஒற்றை ஆளாக நின்று தீர்த்துவைத்தவள் நான்.

இந்த நம்பிக்கைக்குக் காரணம் என் அப்பா. கடலூர் ஓல்டு டவுனில் அவர் ஒரு பழைய லோடு வேன் வைத்திருந்தார். அதற்கு அடிக்கடி ஏர் பிடித்துக்கொள்ளும். டீசல் போகிற குழாயில் காற்று புகுந்துவிட்டால் எஞ்சின் இருமும், திணறும், கிளம்பாது. (மற்ற வீடுகளில் ஏர் என்றால் உழுவது. எங்கள் வீட்டில் எடுப்பது.) அப்பாவின் விரல்கள் தடிமன், அந்த இடுக்கில் போகாது. அதனால் பள்ளிக்கூடத்துப் பாவாடையோடு நான்தான் பானெட்டுக்குள் தலையை விடுவேன். ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டுக் கை பம்பை அமுக்க அமுக்க, டீசல் நுரைத்துக்கொண்டு வரும். நுரை நின்று வெறும் டீசல் வந்ததும் ஸ்க்ரூவை இறுக்கிவிட வேண்டியது. அவ்வளவுதான் வித்தை. அந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு, உலகத்திலுள்ள டீசல் வண்டிகள் எல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகி அதே கடலூரின் மஞ்சக்குப்பத்துக்கு வந்த பிறகு, 2009-ல், என் கணவர் ஜெயராஜ் புது டீசல் கார் ஒன்று வாங்கினார். எஞ்சினுக்கு எவ்வளவு டீசல் வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே முடிவுசெய்யும் புது ரக வண்டி. அடுத்த வருஷம் ஒருநாள் அதன் டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்தது. டீசல் ஃபில்டரை மாற்ற வேண்டுமாம். பாண்டிச்சேரி சர்வீஸ் சென்டரில் கேட்டால் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். எங்களுக்கோ திங்கட்கிழமையே கார் வேண்டும். என் நாத்தனார் பிரிசிக்கு அண்ணாமலை நகரில் பிஎச்.டி. வைவா. இறால் குஞ்சுக்கு வரும் நோயைப் பற்றி வருஷக்கணக்காக ஆராய்ந்து, கடைசியில் இறாலைவிட இளைத்துப் போயிருந்தாள். போதாததற்கு, வெளியூரிலிருந்து வந்து கடலூரில் தங்கியிருந்த தேர்வாளர் அம்மாவையும் எங்கள் காரிலேயே அழைத்துவரும்படி அவளுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார்.

"ஒரு ஃபில்டர் மாத்த பாண்டிச்சேரிக்கா போவாங்க? கண்ண மூடிக்கிட்டு மாத்துவேன் நானு" என்றேன்.

ஜெயராஜ் பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பேசாமல் இருப்பதே பத்திரம் என்று அவர் கண்டுபிடித்திருந்த காலம் அது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வேலையை ஆரம்பித்தேன். ஃபில்டர் டப்பாவின் மூடியைத் திருகி எடுத்து, பழைய ஃபில்டரைக் கழற்றிப் புதியதை வைத்து, டப்பா நிறைய டீசல் ஊற்றி, மூடிக்குப் புது ரப்பர் வளையம் போட்டு இறுக்கினேன். கொஞ்ச நேரம் சாவியைத் திருகியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வெற்றி ஊர்வலமாகச் சில்வர் பீச் வரை ஓட்டிவிட்டு வந்தேன். மாமியார் காபி கொடுத்தார். காபி கொடுத்ததில் விசேஷம் ஒன்றுமில்லை. எனக்கு அது பரிசளிப்பு விழா மாதிரி தெரிந்தது.

மறுநாள் ஜெயராஜுக்கு பேங்கில் ஆடிட். அதனால் நானே ஓட்டினேன். தேர்வாளர் அம்மா முன்சீட்டில். கஞ்சி போட்ட வெள்ளைக் காட்டன் புடவை, மடிப்பைத் தொட்டால் கை கிழியும். பின்சீட்டில் ஆய்வேட்டை அணைத்துக்கொண்டு பிரிசி. ஆலப்பாக்கம் வரை வண்டி சமர்த்தாக ஓடியது. புதுச்சத்திரம் தாண்டியதும் வண்டி லேசாகத் திக்கியது. பிறகு நன்றாகத் திக்கியது. பிறகு ஒரு புளியமரத்தடியில் நின்றுவிட்டது.

நான் கலங்கவில்லை. அதுதான் என் பிரச்சினை.

"ஏர் புடிச்சுக்கிச்சு மேடம். அஞ்சு நிமிஷம்" என்று இறங்கி பானெட்டைத் திறந்தேன்.

உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் மூடிதான் இருந்தது. நான் தேடிய ஸ்க்ரூவும் இல்லை, கை பம்பும் இல்லை. (இந்த மாதிரி வண்டியில் எஞ்சினுக்குப் போகும் டீசல் குழாயைத் தளர்த்தினால், டீசல் பாய்கிற வேகத்தில் தோலையே துளைத்துவிடும் என்று பிற்பாடுதான் தெரிந்தது. நல்லவேளை, அது எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியவில்லை.) ஓரமாக ஒரு மெல்லிய கறுப்புக் குழாய் கண்ணில் பட்டது. பார்த்தாலே டீசல் குழாய் மாதிரி இருந்தது. அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, டிரைவர் சீட்டுக்கு மாறி உட்காரும்படி பிரிசியிடம் சொன்னேன்.

அவள் அதுவரை எந்தக் காரிலும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவள் இல்லை. ஸ்டார்ட் பண்ணு என்று நான் கத்தியதும், சாவியைத் திருகிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்டியரிங் ஓரமாக நீட்டிக்கொண்டிருந்த குச்சியையும் இழுத்தாள். என் கையிலிருந்த குழாய் பீய்ச்சியடித்தது. நன்றாக நுரைத்துக்கொண்டு வந்தது. அத்தனையும் நேராக, என்னதான் நடக்கிறது என்று பார்க்க அப்போதுதான் வந்து நின்ற தேர்வாளர் அம்மாவின் புடவைமேல்.

"பாருங்க மேடம், ஏர் போவுது" என்றேன் பெருமையாக.

அவர் புடவையைத் தொட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏம்மா, டீசல்ல சீயக்காய் வாசன வருமா?"

முன்கண்ணாடி துடைக்கிற தண்ணீரில் ஜெயராஜ் சீயக்காய் ஷாம்பு கலந்து ஊற்றுவார். அழுக்கு நன்றாகப் போகுமாம். நான் பிடுங்கியது அந்தத் தண்ணீர்க் குழாய், பிரிசி இழுத்தது அதைப் பீய்ச்சும் குச்சி.

இதற்குள் பேராசிரியர் போனில் அழைக்க ஆரம்பித்திருந்தார். பிரிசி போனை எடுக்காமல் அது அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. நான் மரத்துக்குப் பின்னால் போய் ஜெயராஜுக்குப் போன் செய்து, நடந்ததைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன்.

"ஃபில்டருக்குப் பக்கத்துல கறுப்பா ஒரு ரப்பர் உருண்ட இருக்கும். அது கெட்டியாவற வரைக்கும் அமுக்கணும். டெலிவரி எடுத்தன்னிக்கே காட்டுனாங்க" என்றார்.

"அத ஏன் நேத்தே சொல்லல?"

"நீதான் கண்ண மூடிக்கிட்டு மாத்துவேன்ன. மூடியிருக்கிற கண்ணுக்கு எதக் காட்டறதுன்னு விட்டுட்டேன்."

உருண்டை இருந்தது. டாக்டர்கள் பி.பி. பார்க்கும்போது அமுக்குவார்களே, அந்த மாதிரி. எவ்வளவு அமுக்கியும் அது கெட்டியாகவில்லை. அமுக்கும்போதெல்லாம் ஃபில்டர் மூடியின் ஓரத்தில் டீசல் கசிந்தது. மூடியைத் திறந்து டப்பாவின் விளிம்பை விரலால் தடவினேன். அங்கே ஒரு வளையம் தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. பழையது. அதை எடுக்காமலே, அதன்மேல் புது வளையம் போட்ட மூடியை இறுக்கியிருக்கிறேன். இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்று உட்காராமல் இடைவெளி விட்டு, வழியெல்லாம் காற்றை உறிஞ்சிக்கொண்டே வந்திருக்கிறது.

பழைய வளையத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு மூடியை இறுக்கினேன். மறுபடி கசிகிறதா என்று நான் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. பிரிசியோ இன்னும் போனையே வெறித்துக்கொண்டிருந்தாள். தேர்வாளர் அம்மா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உருண்டையை அமுக்கத் தொடங்கினார். ஒரு கை வலித்ததும் மறுகைக்கு மாறினார். "கெட்டியாயிடுச்சும்மா" என்று அவர் சொன்னபோது, எனக்குக் குழந்தை பிறந்த செய்தி கேட்ட மாதிரி இருந்தது. பேட்டரி அரை உயிரில் இருந்தது. மாதாவை வேண்டிக்கொண்டு சாவியைத் திருகினேன். எஞ்சின் இருமியது, கொஞ்சம் யோசித்தது, ஓடத் தொடங்கியது.

புவனகிரியையும் சிதம்பரத்தையும் எப்படிக் கடந்தேன் என்று நினைவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கூடியிருந்தவர்கள் பிஸ்கட்டையெல்லாம் தின்று தீர்த்திருந்தார்கள். தேர்வாளர் அம்மா மேடையேறியதும் ஹால் முழுக்க டீசலும் சீயக்காயும் கலந்து மணந்தது. நான் கடைசி வரிசையில், கறுத்துப்போன கைகளை மடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரிசி இறாலைப் பற்றி நன்றாகவே பேசி முடித்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். தேர்வாளர் அம்மா மைக்கை இழுத்தார்.

"நேத்து வரைக்கும் நல்லா இருந்த இறால் தொட்டி, இன்னிக்குத் திடீர்னு கெட்டுப்போச்சு. மொதல்ல எத விசாரிப்பீங்க?"

தண்ணீரின் உப்பு, கிருமி, தீவனம் என்று அவள் தயார்செய்து வைத்திருந்த பதில்கள் எனக்கே மனப்பாடம். பிரிசி அதில் எதையும் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள்.

"கடைசியா யாரு கை வச்சாங்கன்னு கேப்பேன் மேடம்" என்றாள்.

தேர்வாளர் அம்மா மேசைமேல் குனிந்து சிரித்தார். சிரிப்பு அடங்கத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. மிகச் சரியான விடை என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். ஹாலில் மற்ற யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிரிசிக்கு அன்றே பட்டம் உறுதியாயிற்று.

எனக்கு உறுதியானது வேறு. எங்கள் வீட்டில் மிக்சி நின்றாலும், கதவு தாழ் மாட்டிக்கொண்டாலும், பிள்ளைக்குக் கணக்கில் மார்க் குறைந்தாலும், என்ன ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை. "கடைசியா யாரு கை வச்சது?" என்றுதான் கேட்கிறார்கள். அதையும் என்னைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். போன மாதம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து மஞ்சக்குப்பத்தில் பாதி இருண்டுபோனது. ஜெயராஜ் தடவித் தடவி டார்ச்சை எடுத்து, நேராக என் முகத்தில் அடித்தார்.