பட்டாம்பூச்சி இறக்கையும் பட்ஜெட் அறையும்

சாப்பாட்டு மேஜை சாப்பிடுவதற்காகவே ஏற்படுத்தப்பட்டது என்ற மாபெரும் உண்மையை அரசு அலுவலகக் கண்காணிப்பாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டிலேயே கண்டுபிடித்தார். அப்போது அவர் உதட்டில் மஞ்சள் ஜிகினா ஒட்டியிருந்தது.

குற்றவாளி அவருடைய மனைவிதான். மகளின் வகுப்புப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை நாடகத்தில் பட்டாம்பூச்சிகளாக வரப்போகிறார்கள். அத்தனை பேருக்கும் இறக்கை தைத்துத் தருவதாக இவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். "எங்கம்மாதான் தைக்கிறாங்க!" என்று பாப்பா பள்ளி முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. வேளாவேளைக்கு மேஜையைக் காலி பண்ணி, மறுபடி விரித்து, பாவம், அவளுக்கு இடுப்பே விட்டுப்போனது.

"ஏங்க, பின்னறையில கிடக்கிற தட்டுமுட்டுச் சாமானை ஒதுக்கிட்டு மெஷினை அங்க போட்டுக்கட்டுமா? ஒரு பலகை இருந்தா போதும்."

"சும்மா போட்டுக்கறதா? திட்டம் இல்லாம, மதிப்பீடு இல்லாம? நாளைக்கு யாராவது கேட்டா?"

"யாருங்க கேக்கப் போறாங்க?"

இப்படி ஒரு கேள்வியை அவர் சர்வீஸிலேயே எதிர்கொண்டதில்லை. அவருடைய அலுவலகத்தில் புது நாற்காலி வேண்டுமென்றால், இருக்கிற நாற்காலியை முதலில் கழிவு செய்ய வேண்டும், அதாவது உதவாதது என்று எழுதித் தள்ள வேண்டும். புதியது வருகிறவரை ஊழியர்கள் நின்றுகொண்டே பொதுமக்களைக் காக்க வைப்பார்கள். அந்தப் பிரிவுக்குத்தான் அவர் கண்காணிப்பாளர்.

ஆகவே, குறைந்த செலவில் கைவினை அறை அமைக்க ஒரு குழு உருவாயிற்று. தலைவர் அவர். நிபுணர் அவருடைய தங்கை. நாத்தனார் ஜென்மத்தில் ஊசி பிடித்தவளில்லை. ஆனால் ஊரார் வீட்டுக் கைவினை அறைகளை ராப்பகலாக போனில் பார்ப்பவள். நிபுணருக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

"அண்ணி, பட்டனெல்லாம் கலர் கலரா கண்ணாடி ஜாடியில அடுக்கணும்."

"சரி, தைக்கும்போது எடுத்துக்கறேன்."

"ஐயோ, எடுக்கக் கூடாது! ஒரு ஜாடி மட்டும் குறைஞ்சா பார்க்க நல்லாவா இருக்கும்?"

நாத்தனாரின் சிக்கனம் அலாதியானது. ஒரு ஜாடி இலவசமாகக் கிடைக்கும் என்பதற்காக ஒரு பெட்டி ஜாடி வாங்கினாள். ஜாடி வந்ததால் அலமாரி வந்தது. அலமாரி வெள்ளையாக இருந்ததால் சுவரும் வெள்ளையானது. விளக்கு ஒன்றுதான் பாக்கி என்ற நிலையில் பணம் தீர்ந்துபோனது. ஒதுக்கீட்டை மீறுவதற்குக் கண்காணிப்பாளர் என்ன, கண்டபடி செலவழிக்கிறவரா?

புதன்கிழமை மனைவி பிள்ளைகளுக்கு அளவெடுக்கப் பள்ளிக்குப் போய்த் திரும்பினாள். அறை ஜொலித்தது. மெஷின் இருந்த மூலையில் ஒரு விளக்கு நின்றது.

"மெஷின் எங்கங்க?"

"முறைப்படி கழிவு செஞ்சாச்சு. அறையிலேயே பழைய பொருள் அதுதான். வெள்ளைச் சுவருக்குக் கறுப்பு ஒத்துவரலைன்னு குழு ஒருமனதா முடிவு பண்ணிச்சு. பழைய சாமான்காரர் கொடுத்த காசுலதான் விளக்கே வாங்கினோம்!"

"அப்போ நான் எதுல தைக்கிறது?"

"புது மெஷின் அடுத்த நிதியாண்டுல பரிசீலிக்கப்படும். அதுவரைக்கும் அறை இருக்கே?"

பாப்பா முகத்தில் அவள் எப்படி விழிப்பாள்? அறையில் தூசி படியக் கூடாதென்று பூட்டிவிட்டார்கள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து கையால் தைத்தாள். அழுதுகொண்டே தைத்தாள். வியாழன் மாலைக்குள் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் இறக்கை தேறியது.

அதை வாங்கிப் போக வந்த தலைமையாசிரியை அறையைப் பார்த்தார். இறக்கையை மறந்தார்.

"அடடா! இதே மாதிரி நம்ம பள்ளிக்கும் ஒண்ணு வேணுமே சார்!"

"திட்டம் போட்டுத் தர்றேன் மேடம். இடம்?"

"நாடக மேடை இருக்கு. ஆனா நாளைக்கு நாடகம்..."

"மேடையைக் கழிவு செஞ்சாத்தானே மேடம் அறை வரும்?"

அதிலிருந்த நியாயத்தை யாராலும் மறுக்க முடியவில்லை. நாடகம் கழிவு செய்யப்பட்டது.

அடுத்த மாதம் திறப்பு விழா. பெற்றோர் கூட்டம் அலைமோதியது. எல்லோரும் ஜாடிகளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். தைத்த இறக்கைகளை ஆணியடித்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள். நட்டநடுவே, பளபளவென்று துடைத்த ஒரு கறுப்புத் தையல் மெஷின். மேலே 'தொடாதீர்கள்' என்ற பலகை. பழைய சாமான்காரர் கேட்ட விலை கொடுத்து வாங்கிய அலங்காரப் பொருளாம்.

ஊசியில் மஞ்சள் நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி தன்னையறியாமல் கையை நீட்டினாள்.

"அம்மா, தொடாதே! போர்டைப் பார்க்கலையா?" என்று பாப்பா பாய்ந்து வந்து கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு ஆசிரியையைப் பார்த்துக் கூச்சத்தோடு சொன்னாள்: "சாரி மிஸ். எங்கம்மாவுக்கு கிராஃப்ட்டெல்லாம் தெரியாது."

பிள்ளையின் பொறுப்பைப் பாராட்டி எல்லோரும் கைதட்டினார்கள்.