இன்னாசிப்பிள்ளையின் வலது கை

சீசர் முன்கால்களை ஊன்றி, பின்பக்கத்தைத் தரையில் பதித்து, புது விரிப்பின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை, கரையில் தோணி இழுப்பதுபோல் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது.

"இஞ்ச பாருங்க, உங்கட நாய் காபட் அளக்குது," என்றாள் கத்தரினா. "நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வாறாங்க. அவங்களுக்கு முன்னால இது இப்பிடிப் போனா என்னெண்டு சொல்ற?"

"பூச்சியெண்டு சொல்லுவம்," என்றார் புருசன் இன்னாசிப்பிள்ளை.

"பூச்சிக் குளிசை மூண்டு தரம் குடுத்தாச்சு. பாலாவியில இருக்கிற நாய் டொக்டர் என்ன சொன்னவர்? மலவாசலுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பை இருக்கு, அதில நீர் கட்டினாத்தான் இந்தத் தேய்ப்பு, மாதம் ஒருக்கா அமத்தி எடுங்க, மறக்காம முதல் ஞாயிறிலயே செய்யுங்க எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னவரா இல்லையா? இண்டைக்கு முதல் ஞாயிறு."

இன்னாசிப்பிள்ளை கற்பிட்டியில் பேர்போன கருவாட்டு முதலாளி. ஒரு மூட்டையை முகர்ந்து, அது எந்தக் கிழமை உப்புக் கண்டதென்று சொல்லிவிடுவார். வினையே அந்தத் தொழில்தான். மகள் அனிஸ்டாவுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள், 'வீடு கருவாடு மணக்குது' என்று வாசற் படலையோடு திரும்பிப் போயிருந்தன. மூன்றாவதும் போனால் மகள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அதுதான் அவருக்குப் பயம். அதனால் போன மாதமே வீட்டிலிருந்த கடைசி மூட்டையையும் கடற்கரை வாடிக்கு ஏற்றிவிட்டு, சுவருக்கு இரண்டு தரம் பெயின்ற் அடித்திருந்தார்.

"கையுறை போடச் சொன்னவர்," என்று கத்தரினா ஞாபகப்படுத்தினாள்.

"முப்பது வருசம் மீன் கீறின கை. இதுக்குப் போய் உறையா?"

கிணற்றடியில் சீசரின் வாலைத் தூக்கிப் பிடித்து, டொக்டர் காட்டிய இடத்தில் இரண்டு விரலால் அமத்தினார். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அமத்தினார். வந்தது. விரலிடுக்கெல்லாம் வந்தது. சீசர் உடம்பை ஒரு உதறு உதறி, இரண்டு வயது குறைந்ததுபோல் வேலியோரம் துள்ளி ஓடியது.

இன்னாசிப்பிள்ளை கையை மூக்கருகே கொண்டுபோனார். அப்படி ஒரு மீன் எந்தக் கடலிலும் அழுகியதில்லை.

சவர்க்காரம் போட்டார். மணம் சவர்க்காரத்துக்கும் ஏறியது. தேசிக்காயைப் புளிக்கப் புளிக்கப் பிழிந்து தேய்த்தார். முள்ளுக் கீறிய இடமெல்லாம் எரிந்ததே தவிர மணம் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார். இயந்திரப் படகுக்குள் ஏதோ செத்துக் கிடப்பதுபோல் ஆயிற்று. கடைசியாக அனிஸ்டாவின் மல்லிகைப்பூ சென்ற் போத்தலை முழுசாகக் கவிழ்த்தார். செத்தது பூச்சூடிக்கொண்டு எழுந்து வந்தது.

"வீட்டுக்குள்ள வராதீங்க!"

"மகள்ர சம்பந்தம் பேச்சு, நான் கிணத்தடியில குந்திக்கொண்டா இருக்கிற?"

வாசலில் மாப்பிள்ளை வீட்டாரின் வான் வந்து நின்றது. கால் மணித்தியாலம் முந்திவிட்டார்கள். கத்தரினா பழைய வேட்டியொன்றைக் கிழித்து, அவர் கையை மணிக்கட்டுவரை பந்துபோல் சுற்றினாள்.

"கேட்டா தூண்டில் குத்தினதெண்டு சொல்லுங்க. ஒருத்தருக்கும் கை குடுத்துப்போடாதீங்க."

மாப்பிள்ளையின் தகப்பன் செபமாலை, முந்தல் ஊரில் இறால் பண்ணை வைத்திருப்பவர். வலது கையைக் காற்சட்டைப் பொக்கட்டுக்குள் விட்டபடியே வானிலிருந்து இறங்கினார். கை கொடுக்கவில்லை. இடது கையை நெஞ்சில் வைத்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

இன்னாசிப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. படலையிலேயே மணம் பிடித்துவிட்டாரா?

அவர் யன்னலோரமாக ஒதுங்கி இருந்தார். செபமாலை அதைவிடத் தூரமான கதிரையைத் தேடி இருந்தார். தேத்தண்ணியை இடது கையால் வாங்கினார். சீசர் நேரே அவரிடம் போய், அந்தப் பொக்கட்டை முகர்ந்து வாலை ஆட்டியது. செபமாலை முழங்காலால் அதை மெல்லத் தள்ளினார்.

"கொஞ்சம் காத்து வரட்டும், மற்ற யன்னலையும் திறப்பமா?" என்றார்.

"திறங்க, திறங்க," என்றார் இன்னாசிப்பிள்ளை. ஆனாலும் பேச வேண்டியதைப் பேசத்தானே வேண்டும்? "கலியாணம் எங்கட கோயிலில வைப்பம்."

"நல்லது."

"சாப்பாடும் எங்கட பக்கம்தான்."

"அதுவும் நல்லது. அப்ப நாங்க வெளிக்கிடுவமா?"

இந்த இரண்டுக்கும் இரண்டு மணித்தியால வாதம் தயார் செய்து வைத்திருந்தார் இன்னாசிப்பிள்ளை. சரக்கு வேண்டாதவன்தான் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவான் என்பது சந்தையில் அவர் கண்டது. மூன்றாவதும் போயிற்று. திரைச்சீலைக்குப் பின்னால் அனிஸ்டாவின் கால் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"கையில என்ன அண்ணன்?"

கேட்டது செபமாலையின் மனைவி றெஜினா. ஆஸ்பத்திரியில் தாதி, ஊருக்கு மிஸ்ஸி. காயக் கட்டைக் கண்டால் அவள் கை சும்மா இராது.

"தூண்டில் குத்தினது, மிஸ்ஸி."

"ஊசி போட்டதா?"

"இல்ல," என்றார் இன்னாசிப்பிள்ளை.

"ஓம்," என்றாள் அதே நேரத்தில் கத்தரினா.

"காட்டுங்க பாப்பம்."

"வேணாம் மிஸ்ஸி, சின்னக் காயம்."

"சின்னக் காயத்துக்கா தலகாணி கட்டி வெச்சிருக்கிறீங்க?"

றெஜினா எழுந்து வந்து கையைப் பிடித்துவிட்டாள். ஒவ்வொரு சுற்றாகக் கழற்றக் கழற்ற மணம் ஒவ்வொரு படியாக ஏறியது. மாப்பிள்ளை மூக்கைப் பொத்த லேஞ்சியைத் தேடினான்.

"ஐயோ, அண்ணன், உள்ளுக்கு அழுகிட்டுது!"

கத்தரினா கண்ணை மூடிக்கொண்டாள். கடைசிச் சுற்றும் விழுந்தது. காயம் ஒன்றுமில்லை. தேய்த்துத் தேய்த்துச் சிவந்த ஐந்து விரல்கள், அவ்வளவுதான்.

றெஜினா அந்த விரல்களை ஒரு தரம் நிதானமாக முகர்ந்தாள். சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தாள். வேலியோரம் போய் நின்ற சீசரைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பித் தன் புருசனைப் பார்த்தாள்.

"இவங்களுக்கும் அந்தப் பாலாவி டொக்டர்தான் போல. காலையில நம்மட நாயை அமத்திப்போட்டுப் பொக்கட்டுக்குள்ள ஒளிச்சு வெச்ச கையை நீங்களும் வெளிய எடுங்க, சம்பந்திமார் ரெண்டு பேரும் இனியாவது கை குடுக்கலாம்."