அரசாங்கத்துக்கு அளவெடுத்த டேப்பக்கா

சித்தூரில் ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க ஐம்பது தையற்காரர்கள் இருந்தார்கள். அரசாங்கத்துக்கே அளவெடுத்து, 'இது எனக்குப் பத்தாது, பிரிச்சித் தை' என்று திருப்பிக் கொடுத்தவர் டேப்பக்கா ஒருவர்தான்.

எழுபதுகளின் கடைசி அது. நான் வீட்டு வசதி ஆபீசில் குமாஸ்தா. டேப்பக்காவின் நிஜப் பெயர் ஃபைலில் இருந்திருக்கும். ஃபைலைத்தான் நாங்கள் யாரும் படிப்பதில்லையே. சின்ன வயதில் போலியோ வந்து அவருக்கு இரண்டு கால்களும் போய்விட்டன. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி, மடியில் துணி, கழுத்தில் எந்நேரமும் இஞ்ச் டேப். குடியிருந்த வாடகை அறைக்கு நான்கு படி. காலையில் பக்கத்து வீட்டு மூட்டைக்காரர் தூக்கி வெளியே வைப்பார், சாயங்காலம் தூக்கி உள்ளே வைப்பார். அவர் வேலூருக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டால் அக்கா அறைக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

"மூட்டையக் கூட கூலி குடுத்து எறக்குறாங்கோ தம்பி. நான் ஓசி மூட்டை" என்பார்.

அதனால் அவர் ஒரு காரியம் செய்தார். திருப்பதி ரோட்டில் கட்டப்போகும் சர்க்கார் காலனியில் தன்னைப் போன்ற எட்டுப் பேருக்கு எட்டு வீடு கேட்டார். படி கூடாது, சாய்தளம் வேண்டும். வாசல் மூன்றடி அகலம் வேண்டும். தாழ்ப்பாள் உட்கார்ந்தபடியே கைக்கு எட்ட வேண்டும். வாடகை மாசத்துக்கு நாலு ஜாக்கெட் தையல் கூலி, அதற்கு மேல் ஒரு பைசா ஆகாது.

எங்கள் ஆபீஸ் மாடியில் இருந்தது. ஊனமுற்றவர்கள் மனுவை நேரில் வந்துதான் கொடுக்க வேண்டும் என்பது விதி. இருபத்திரண்டு படி. இதை யோசித்து எழுதிய மூளைக்குத் தனியாக ஒரு பென்ஷனே கொடுத்திருக்கலாம். அக்கா வண்டியைப் படிக்கட்டின் கீழே நிறுத்தி, மனுவைத் தெலுங்கில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் உரக்கப் படித்தார். தெருவே கூடிவிட்டது. எங்கள் இன்ஜினியர் ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு, 'மனுதாரர் நேரில் ஆஜராகவில்லை' என்று எழுதினார். நான் இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் வந்துட்டேன் தம்பி. ஆபீஸுதான் இன்னும் எறங்கி வரல. அதையும் எழுதிக்கச் சொல்லு."

இருபது நாள் இதே கச்சேரி. இருபத்தோராம் நாள் இன்ஜினியர் தாமே இறங்கி வந்தார். மனம் இரங்கி அல்ல, சாத்திய ஜன்னலுக்குள் புழுக்கம் தாங்காமல்.

"தாழ்ப்பாள் ரெண்டடி ஒசரத்திலயா? நாய் கூட தொறந்துடும்மா!"

"தொறக்கட்டும் சார். நாயிக்குக் கெடைக்கிற வசதி எனக்கும் கெடைக்கட்டும்."

எட்டு வீடு சாங்ஷன் ஆயிற்று. ஒரு வருஷத்தில் கட்டியும் முடித்துவிட்டார்கள். இன்ஜினியருக்குப் பெருமை தாங்கவில்லை. ஊனமுற்றவர்கள் வீட்டில் மழைத்தண்ணீர் புகுந்துவிடக் கூடாது என்ற கருணையால் ஒவ்வொரு வீட்டையும் மூன்றடி மேடை மேல் தூக்கி வைத்திருந்தார். ஏறுவதற்கு ஐந்து அழகான படிகள். வாசல் இருபத்தேழு அங்குலம்.

"மத்த வீட்டுக்கெல்லாம் மூணு படிதான். உங்களுக்கு ஸ்பெஷல்!" என்றார்.

அக்கா வண்டியில் உட்கார்ந்தபடி அண்ணாந்து பார்த்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து மார்க்கெட் பக்கம் போனேன். அக்கா ஒரு பசுமாட்டின் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, அதன் வயிற்றுக்குக் குறுக்களவு எடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, மாட்டுக்கு ஜாக்கெட்டா?"

"முப்பத்தோரு இஞ்சு" என்றார் திருப்தியாக. "இது போதும் தம்பி."

ஏமாற்றத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி அந்த ஞாயிறு சர்ச்சில் அக்காவுக்காக விசேஷ ஜெபமே வைக்கச் சொல்லிவிட்டாள்.

திறப்பு விழாவுக்கு மந்திரி வருவதாக இருந்தது. ஒரு வாரம் முன்னதாக ஒத்திகை. அக்கா பவ்யமாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். "கிரகப்பிரவேசம்னா பசுதானே சார் மொதல்ல நொழையணும்? மாட்ட நான் இட்டாரேன்." இன்ஜினியர் குளிர்ந்து போனார். புது வீட்டில் பசுவுக்குப் பிறகுதான் மனிதர் என்பதில் அவருக்கும், பூஜைக்கு வந்த ஐயருக்கும், மந்திரிக்கும் ஒரே கருத்து.

பசு ஐந்து படியையும் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பப் பார்த்தது. ஆறு பேர் தள்ளி ஏற்றினார்கள். தலையும் கழுத்தும் உள்ளே போயின. வயிறு நிலையில் சிக்கிக்கொண்டது. முன்னால் மூன்று பேர் இழுக்க, பின்னால் நின்று இன்ஜினியர் உத்தரவு போட, பசு தன் ஆட்சேபணையை அவருடைய ஷூ மேல் பதிவு செய்தது.

"சின்னதா ஒரு கன்னுக்குட்டி போதாதா சாமி?" என்று இன்ஜினியர் கெஞ்சினார்.

"கன்னு போட்ட பசுதான் சார் நுழையணும். எட்டு வீட்டிலயும் நுழையணும்" என்றார் ஐயர்.

"பசு நொழையாத ஊட்ல கால வெச்சா, மந்திரிக்குப் பதவி நிக்குமா சார்?" என்று அக்கா மிகுந்த கவலையோடு கேட்டார்.

அவ்வளவுதான். மறுநாளே மேஸ்திரிகள் வந்து இறங்கினார்கள். எட்டு வீட்டிலும் படியை இடித்துச் சாய்தளம் போட்டார்கள். நிலையைப் பெயர்த்து வாசலை மூன்றடி ஆக்கினார்கள். 'பசுவின் வசதிக்காக' என்று ஃபைலில் காரணம் தெளிவாக எழுதப்பட்டது. மனுஷி இருபது நாள் கத்தி, ஒரு வருஷம் காத்திருந்தும் நடக்காதது மாட்டுக்கு ஐந்தே நாளில் நடந்தது. புதுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இரண்டடி உயரத்தில் என்று ஆர்டரில் ஒரு வரி சேர்த்தது மட்டும் நான். படிக்காமலே கையெழுத்துப் போடும் எங்கள் ஆபீஸ் வழக்கத்தால் ஒரு நல்ல காரியமும் நடந்தது.

விழாவன்று பசு எட்டு வீட்டிலும் கம்பீரமாக ஏறி இறங்கியது. மந்திரி சாவியைக் கொடுத்தார். மூட்டைக்காரர் பழக்க தோஷத்தில் அக்காவைத் தூக்கக் குனிந்தார். அக்கா அவர் கையை மெல்ல விலக்கினார். மூச்சு வாங்க வாங்க வண்டியைச் சாய்தளத்தில் ஏற்றி, தானே உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டார்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. போட்டோ எடுப்பவர் கேமராவோடு காத்திருந்தார். இன்ஜினியர் பதறிப்போய்க் கதவைத் தட்டினார்.

"அம்மா, மந்திரிகாரு வெயில்ல நிக்கிறாரு!"

"கொஞ்சம் இருங்க சார்." அக்கா அழுதுகொண்டிருந்தது குரலில் தெரிந்தது. "இப்பத்தான் நானா என் ஊட்டுக்கு வந்துகிறேன்."

மந்திரி நின்றார். நானும் நின்றேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உள்ளேயே இருங்கக்கா, நாங்கள் நிற்கிறோம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.