சௌனாவில் ஒளித்த கிராபிக்ஸ் கார்டு

நவம்பர் முதல் வியாழக்கிழமை ரெய்யோ ஒரு சபதம் எடுத்தான். புது கிராபிக்ஸ் கார்டு வாங்கியே தீருவது. அதுவும் பெண்டாட்டிக்குத் தெரியாமல். ஐம்பத்தொரு வயதில் எடுத்த சபதம் என்பதால் உட்கார்ந்தபடியே எடுத்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து அவர்கள் நாலு சிநேகிதர்கள். வியாழன்தோறும் ஆளுக்கொரு ஊரில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து சேர்ந்து விளையாடுவார்கள். விளையாட்டு ஒரு சாக்கு. ஒருத்தனுக்கு விவாகரத்து ஆனதையும் இன்னொருத்தனுக்கு வேலை போனதையும் டாங்கியைச் சுட்டுக்கொண்டேதான் சொல்லிக்கொண்டார்கள். குளிர்காலத்தில் மூன்று மணிக்கே இருட்டிவிடும் வடகோடி ஊரான காயானியில் ரெய்யோ மனசுவிட்டுப் பேசும் நாள் அது ஒன்றுதான்.

செப்டம்பரில் இரண்டு பேர் புது விளையாட்டுக்குத் தாவிவிட்டார்கள். ரெய்யோவின் எட்டு வருஷத்துக் கார்டு அதைப் பார்த்ததும் படுத்துவிட்டது. மீதியிருந்த நாலாவது ஆள், பக்கத்து ஊர் சொட்கமோவில் இருக்கும் ஹன்னுவிடமும் அதே கார்டு, அதே கதி. இருவரும் போனில் ஒருவரையொருவர் துக்கம் விசாரித்துக்கொண்டார்கள்.

கையில் முந்நூறு யூரோ இருந்தது. வீட்டு நீராவிக் குளியல் அறையான சௌனாவுக்குப் புது அடுப்பு வாங்கி வா என்று மனைவி மெர்யா கொடுத்தது. பழைய அடுப்பு செத்ததிலிருந்து சனிக்கிழமைதோறும் துண்டும் வாளியுமாகப் பக்கத்து வீட்டு சௌனாவின் வாசலில் போய் நிற்கிறார்கள். அந்த ஊரில் அதைவிடத் தலைகுனிவு கிடையாது.

முந்நூறுக்குப் புதிதாகக் கிடைத்த கார்டில் நினைவகம் எட்டு ஜிபி, போதாது. பன்னிரண்டு ஜிபி வாங்கலாம் என்றால் நீளம். ஸ்கேல் வைத்து அளந்தான். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மூன்று விரற்கடை இடித்தது. பதினாறு ஜிபிக்கு ஆசைப்பட்டால் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டும். கடைசியில் பழைய சாமான் விளம்பரத்தில் ஒன்று அகப்பட்டது. பன்னிரண்டு ஜிபி, குட்டை, 'புகைபிடிக்காத வீடு'. வீடு வாங்கும்போதுகூட ரெய்யோ இவ்வளவு விசாரித்ததில்லை. ஈஸல்மி ஊர்ப் பெட்ரோல் பங்க் வாசலில், ஈரப்பனி கொட்டக் கொட்ட, முந்நூறுக்குக் கார்டு கைமாறியது.

ஞாயிற்றுக்கிழமை மெர்யா தங்கை வீட்டுக்குப் போவாள், அப்போது மாட்டிவிடலாம். அதுவரை ஒளித்துவைக்க வீட்டில் அவள் எட்டிப் பார்க்காத இடம் ஒன்றுதான், செத்துக் கிடக்கும் சௌனா. உட்காரும் கீழ்ப்பலகைக்கு அடியில் தள்ளிவிட்டான்.

"அடுப்பு என்னாச்சு?" என்றாள் மெர்யா.

"வருது."

"எங்கேருந்து?"

"தெற்கேருந்து."

"நடந்தா வருது?"

"சரக்கு இல்லையாம். கடைக்காரன் என்ன பண்ணுவான்?"

"எந்தக் கடைக்காரன்?"

"அதான்... அந்தக் கடைக்காரன்."

"பேரை மறந்துட்டியா, இல்ல இன்னும் வைக்கலையா?"

சனிக்கிழமை காருக்குக் குளிர்கால டயர் மாட்டிவிட்டு வந்தான். வீட்டுக்குள் சூடேறிய மரத்தின் வாசனை. குளியலறைப் பக்கத்திலிருந்து மெர்யாவின் குரல் வந்தது.

"சௌனா ரெடி. துணியைக் கழட்டிட்டு வா."

எண்பது டிகிரி சூட்டில் பன்னிரண்டு ஜிபி. ஓடிப்போய்க் குனிந்து பார்த்தான். பலகைக்கு அடியில் ஒன்றுமில்லை. மூலையில் புத்தம்புது அடுப்பு. மேல்பலகையில் மெர்யா கரண்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"ஏதாவது தேடுறியா?"

"இல்ல."

அவள் அடுப்பின் சூட்டுக் கல்மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினாள். ஆவி வந்து காதைச் சுட்டது. சௌனாவில் சத்தம் போடக்கூடாது, பொய் சொல்லக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் ரெய்யோ. சபதத்துக்கு அந்தச் சூட்டைத் தாங்கும் பயிற்சி கிடையாது.

"ஆமா," என்றான்.

"எல்லாக் கடைக்கும் போன் பண்ணேன். எந்தக் கடையிலயும் சரக்குக்குப் பஞ்சமில்ல. அடுப்புக்கு இடம் அளக்க இங்க வந்தேன், பலகைக்கடியில ஒரு பெட்டி கிடந்தது." இன்னொரு கரண்டி.

எல்லாம் கொட்டிவிட்டான். முந்நூறு, ஈஸல்மி, பெட்ரோல் பங்க். கடைசியில் சொல்ல நினைக்காததும் வந்துவிட்டது.

"வியாழக்கிழமை இல்லன்னா எனக்குப் பேச ஆளில்ல மெர்யா."

அவள் கரண்டியை வாளியில் போட்டாள்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா அடுப்பை அடுத்த மாசம் வாங்கியிருப்போமே. பக்கத்து வீட்டுல இன்னும் நாலு வாரம் நின்னா என்ன, செத்தா போயிடுவோம்?"

ரெய்யோவின் முகத்தில் வேர்வை நிறைய இருந்ததால் கண்ணீர் தனியாகத் தெரியவில்லை. துணிந்து கேட்டான்.

"கார்டு எங்க?"

"வித்துட்டேன். அந்தக் காசுதான் இப்ப நம்ம மேல ஆவியா அடிக்குது."

"யாருக்கு வித்த?"

"எனக்கென்ன இதுல விலை தெரியுமா? தெரிஞ்சவனைக் கேட்போம்னு ஹன்னுவுக்குப் போன் போட்டேன். அவனே வந்து முந்நூத்தம்பது குடுத்து வாங்கிட்டுப் போனான். வர்ற வியாழக்கிழமையிலேருந்து அவங்க மூணு பேரும் புது விளையாட்டு ஆடுறாங்களாம்."

"மூணு பேரா?"

"உன்னை மறக்கல. ரொம்ப நல்லவன். தன்னோட பழைய கார்டை உனக்குச் சும்மாவே குடுத்துட்டுப் போயிருக்கான். உன்கிட்ட இருக்கிற அதே கார்டாமே?"