பன்னிரண்டு கிலோ கூடுதல்

ஒரே ஒரு தடவையாவது பெண்டாட்டி குரல் எட்டாத உயரத்துக்குப் பறந்துவிடுவது என்று தராசு ஆபீசர் தீர்மானித்துவிட்டார். கடைகடையாக ஏறித் தராசைச் சோதிக்கிற உத்தியோகம் அவருக்கு. எந்தக் கடைக்காரன் சொல்லும் எடையையும் நம்பாதவர். வெளியில் புலி. வீட்டில் எலி என்றால் எலி கோபித்துக்கொள்ளும்.

மொட்டைமாடியில் நாலு மோட்டார், நாலு விசிறி, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி. இயந்திரம் நாற்பது கிலோ, ஆசாமி எண்பது. அஞ்சடி விசிறியோடு அந்த மோட்டார்கள் தூக்குவதோ நூற்றெட்டுதான். விசிறி ஏழடியானால் அதே மோட்டார் தாராளமாகத் தூக்கும். ஆனால் குறுக்கே துணிக்கொடி இருந்தது.

கொடியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லிக் கெஞ்சினார்.

"கொடி நகராது. நீங்க இளைங்க," என்றாள் மனைவி. "பன்னண்டு கிலோதானே?"

நியாயமாகத்தான் பட்டது. அங்கேதான் சனி பிடித்தது. கீழ்க்குழாயிலிருந்து மாடித் தொட்டிக்கு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார். துணி துவைத்து அதே கொடியில் உலர்த்தினார். ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். ஞாயிறுதோறும் குளியலறைத் தராசில் ஏறுவார். கண்ணாடி எடையும் சேரக் கூடாதென்று அதையும் கழற்றிவிடுவார். அவள்தான் குனிந்து முள்ளைப் பார்த்துச் சொல்வாள். எண்பது.

கன்னம் ஒட்டியது. எண்பது. கால்சட்டை நிற்காமல் கயிறு கட்டினார். அப்போதும் எண்பது. தன் எலும்பு பூரா ஈயமோ என்று பயந்தே போனார் மனுஷன்.

பன்னிரண்டாவது வாரம் மனசு விட்டுப்போயிற்று. "இந்த ஜென்மத்துல எனக்குத் தரைதான்டி கதி," என்று படிக்கட்டில் உட்கார்ந்து கண்கலங்கினார். அவள் முதுகைத் தடவி ஆறுதல் சொன்னாள். அந்த மோட்டாரில் ஒன்று தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஆகுமே என்றும் சொன்னாள். மற்ற மூன்றும் அவள் தம்பி பட்டறைக்குப் போயின.

மறுநாள் குளியலறையைக் கழுவப் போனவர், பழக்கதோஷத்தில் தராசில் ஏறிவிட்டார். மூக்கில் கண்ணாடி இருந்தது. முள் அறுபத்தெட்டில் நின்றது.

இறங்கினார். மறுபடி ஏறினார். அறுபத்தெட்டேதான்.

"அடிப்பாவி, எண்பதுன்னியே," என்றார்.

"அவ்வளவு உசரத்துலேருந்து விழுந்து வெச்சா, அப்புறம் நான் யாரோட சண்டை போடறது?" என்றாள் அவள் சமையலறையிலிருந்தே. "அது கெடக்கட்டும். தொட்டி நிரம்பி வழியுது, போய் உங்க மோட்டாரை நிறுத்துங்க."